போர்வீல் லைற் மினுங்கிக்கொண்டே நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு பழைய மிற்சுபிஷி எல்200 டபுள் கப் பிக்கப் நிற்கிறது. போன வருடம் அதன் போர்வீல் (நாலு சில்லுக்கும் எஞ்சின் பலம் போகும் அமைப்பு) வேலைசெய்யாமல் போய், நெற்றில் கிடந்த எல்லா யோசனையையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, காசும் விட்டு, கடைசியில் ஒரு சாண் றபர் ஹோஸில் பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர், அவர்களின் கூட்டாளிகள், கூட்டாளிகளின் மச்சான்மார் என்று ஆள்மாறி ஆள் போன் எடுத்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே எழுதி வைத்துவிடுகிறேன்.

நீங்கள் மெக்கானிக்கா?

இல்லை. வடமராட்சி கிழக்குப் பக்கம் கரைவலை வாடிகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். மணலில் ஓடாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை, அதனால்தான் இவ்வளவும் பழக வேண்டி வந்தது. எஞ்சின் பிரிக்கிற வேலையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

என்ன நடந்தது, முதலில் அதைச் சொல்லுங்கள்.

மருதங்கேணிக்கு அங்காலே, கடற்கரை மணலில் இறங்க முன் வழக்கம்போல லீவரை 2எச்சிலிருந்து (பின்சில்லுக்கு மட்டும் பலம்) 4எச்சுக்குத் (நாலு சில்லுக்கும் பலம்) தள்ளினேன். டாஷ்போட்டில் நாலு சில்லும் கீறிய சின்னப் படம் ஒன்று இருக்கும், அதில் முன்சில்லு இரண்டின் லைற்றும் சில விநாடி மினுங்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். அன்றைக்கு மினுங்கியது, மினுங்கியது, மினுங்கிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை என்று இறக்கினேன். இருபது மீற்றர் போயிருக்காது, பின்சில்லு இரண்டும் அக்சில்வரை தாழ்ந்துவிட்டது. ஐஸ் பின்னால் உருகி ஒழுகுகிறது, வெயில் உச்சியில். வலை இழுக்க வந்த ட்ரக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டு, காசு வேண்டாம், ஐஸில் பாதியை இறக்கிவிட்டுப் போ என்றார்.

அந்த லைற் மினுங்கினால் என்ன அர்த்தம்?

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லீவரைத் தள்ளும்போது உண்மையில் இரண்டு வேலை நடக்கிறது. முதல் வேலை கியர் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸில். லீவர் அங்கே பற்களைக் கொழுவி, முன்பக்கம் போகும் சாப்ட்டுக்கும் சுழற்சியைக் கொடுக்கிறது. இரண்டாவது வேலை முன் டிபறன்சலில், அதாவது சாப்ட்டின் சுழற்சியை இடது வலது சில்லுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில். அங்கே ஒரு பக்க அக்சிலை இடையில் வெட்டி, நடுவில் ஒரு கிளச் மாதிரி வைத்திருக்கிறார்கள். பெயர் பிறீவீல். 2எச்சில் அது கழன்று நிற்கும், அதனால் தார் ரோட்டில் முன் சாப்ட் சும்மா சுற்றி டீசலைத் தின்னாது. 4எச் போட்டதும் டிரான்ஸ்பர் பொக்ஸில் இருக்கும் ஒரு சுவிட்ச் கொன்ற்றோல் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி இரண்டு சொலினொயிட்டுக்கு (கரண்டில் வேலைசெய்யும் வால்வு) கரண்ட் கொடுக்கும், சொலினொயிட் வக்யூம் வழியைத் திருப்பிவிடும், அந்த உறிஞ்சலில் டிபறன்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்சுவேட்டரின் தண்டு நகர்ந்து பிறீவீலைக் கொழுவும். கொழுவியது என்று இன்னொரு சுவிட்ச் திரும்பச் சொன்ன பிறகுதான் லைற் நிலையாக எரியும்.

ஆக, மினுங்கிக்கொண்டே நிற்கிறது என்றால் "நான் சொல்லிவிட்டேன், கொழுவினதாக இன்னும் பதில் வரவில்லை" என்று பெட்டி காத்திருக்கிறது, அவ்வளவுதான். பொக்ஸ் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

டீசல் எஞ்சினில் வக்யூம் எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. பெற்றோல் எஞ்சின் காற்று இழுக்கும் வழியிலேயே வக்யூம் கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். எல்200இல் வரும் 4டி56 எஞ்சினில் அந்தப் பம்ப் அல்ரனேற்றரின் பின்பக்கத்தோடு சேர்ந்தே இருக்கிறது. இதே பம்ப்தான் பிறேக் பூஸ்டருக்கும் உறிஞ்சல் கொடுக்கிறது. அதனால் போர்வீலும் கொழுவவில்லை, பிறேக் பெடலும் கல் மாதிரி இறுகிவிட்டது என்றால் போர்வீலை மறந்துவிடுங்கள், வாகனத்தை ரோட்டில் இறக்காமல் முதலில் பம்பையும் அதன் பெரிய ஹோஸையும் பார்க்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம்.

நெற்றில் சொன்னபடி சாமான் மாற்றினேன், சரிவரவில்லை. ஏன்?

நானும் மாற்றினேன். ஒருவர் அக்சுவேட்டர் என்றார், இன்னொருவர் சுவிட்ச் என்றார், வீடியோ போட்ட ஒருவர் சொலினொயிட் மாற்றி லைற் எரிவதையும் காட்டினார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வாகனத்தில் பழுதாய்ப் போனது அவரவர் சாமான், ஆனால் லைற் மினுங்குவது மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், சாதாரண தடிமனாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தை வாங்கிக் குடித்தால் யாரில் பிழை?

இன்னொரு காரணம், எந்த நாட்டு யோசனை என்று பார்க்காமல் படிப்பது. நம்முடைய எல்200ஐ அவுஸ்திரேலியாவில் ட்றைட்டன் என்றும், என்னுடைய இந்தப் பழைய தலைமுறையைத் தாய்லாந்தில் ஸ்ட்றாடா என்றும் விற்றார்கள். இங்கிலாந்தில் எல்200 என்றே பெயர். இந்த மூன்று பெயரிலும் தேடினால் நம்முடைய வாகனத்தைப் பற்றிய பேச்சு கிடைக்கும். அமெரிக்காக்காரர் எழுதுவது பெரும்பாலும் அவர்களின் பிக்கப்களைப் பற்றி, அதை வைத்து நம்முடைய வயரை வெட்டப்போகாதீர்கள். ஹைலக்ஸ்காரருக்கும் இதுதான், அமெரிக்க டக்கோமா வேறு வாகனம். அப்புறம், எல்200 என்ற பெயர் மட்டும் போதாது, சசி (சேசிஸ்) நம்பரின் தொடக்கத்தையும் சேர்த்துத் தேடுங்கள். கே74 ஒன்று, கேபி4 இன்னொன்று. ஒரே பெயரில் கை லீவர் வைத்ததும் இருக்கிறது, முன் சாப்ட்டுக்கும் பின் சாப்ட்டுக்கும் இடையில் சென்றர் டிபறன்சல் உள்ளதும் இருக்கிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

காசு செலவில்லாததிலிருந்து. முதலில் பியூஸ், பற்றறி. இது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது டிரான்ஸ்பர் பொக்ஸ் நல்லதா என்று பார்ப்பது. இதற்கு ஒரு சாமானும் தேவையில்லை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, பின்சில்லுக்கு முன்னும் பின்னும் கல் அடைகொடுத்து, ஹாண்ட் பிறேக் இழுத்து, எஞ்சினை நிற்பாட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போடுங்கள். லீவர் 2எச்சில் இருக்கும்போது கீழே படுத்து, முன்பக்கம் போகும் சாப்ட்டைக் கையால் திருகுங்கள். கொஞ்சம் பாரமாக என்றாலும் திரும்ப வேண்டும். திரும்பவே மாட்டேன் என்றால் 2எச்சிலும் பிறீவீல் கழராமல் கொழுவியபடியே நிற்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். இப்போது 4எச் போட்டு, நாலைந்து மீற்றர் உருட்டி நிறுத்தி, திரும்ப அதே மாதிரிக் கல் வைத்து எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் திருகுங்கள். இந்த முறை அசையக்கூடாது. அசையவில்லை என்றால் டிரான்ஸ்பர் பொக்ஸ் தன் வேலையைச் செய்கிறது.

பிறகு பிறீவீல். 4எச்சிலேயே விட்டு, பின்சில்லுக் கல்லை எடுக்காமல், முன்சில்லில் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். எந்தப் பக்கம் என்றாலும் சரி. தூக்கிய சில்லைக் கையால் சுற்றினால் சுற்றக்கூடாது. தாராளமாகச் சுற்றினால் பிறீவீல் கொழுவவில்லை. ஜக்கில் நிற்கும்போது மட்டும் கீழே போகாதீர்கள், தலையைக்கூட நீட்டாதீர்கள்.

என்னுடையதில் சாப்ட் இறுகி நின்றது, சில்லு பம்பரம் மாதிரிச் சுற்றியது. அந்த நிமிடமே பொக்ஸில் பிரச்சினை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை நான் செய்தது அக்சுவேட்டருக்குக் காசு கொடுத்து முடிந்த பிறகு, அதுதான் கதை.

வக்யூம் வருகிறதா என்று மீற்றர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

விரல் போதும். எஞ்சின் சும்மா ஓடட்டும், கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிறேக் இழுத்து, ஆள் ஒருவர் றைவர் சீற்றில். அக்சுவேட்டருக்கு இரண்டு ஹோஸ் வரும். இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் விரலை வையுங்கள். 2எச்சில் ஒன்று விரலை இழுக்கும், 4எச் போட்டதும் மற்றது இழுக்க வேண்டும். இரண்டும் இழுத்து, திரும்பப் பூட்டிய பிறகும் தண்டு அசையவில்லை என்றால் அக்சுவேட்டரையோ கொழுவும் பகுதியையோ சந்தேகப்படலாம். இழுக்கவே இல்லை என்றால் அக்சுவேட்டர் பாவம், அதற்குச் சாப்பாடே வரவில்லை.

அக்சுவேட்டரைத் தனியாகச் சோதிக்க பார்மசியில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், 50 மில்லி அளவு. ஊசி வேண்டாம். ஒரு சிறு குழாய்த் துண்டால் அக்சுவேட்டரின் மூக்கில் பொருத்தி இழுத்தால் தண்டு நகர வேண்டும், இழுத்துப் பிடித்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல மெல்லத் திரும்பி வந்தால் உள்ளே றபர் கிழிந்திருக்கிறது. நான் வாங்கப்போனபோது பார்மசிப் பிள்ளை யாருக்கு என்று கேட்டது, வாகனத்துக்கு என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

உங்களுடையதில் கடைசியில் எது பிழை?

பற்றறித் தட்டுக்குக் கீழால் போகும் ஹோஸை அணிலோ எலியோ கடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரவு எட்டு மணிபோல, அயல் சத்தம் எல்லாம் அடங்கின பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸ் போகும் வழியெல்லாம் பழைய குழாய் ஒன்றைக் காதில் வைத்துத் தேடினேன். பற்றறிக்குக் கிட்ட வந்ததும் மெல்லிய ஒரு ஸ்ஸ். பற்றறியைத் தூக்கிப் பார்த்தால் நெல்லுமணி அளவு ஓட்டை, சுற்றிவரப் பல்லுத் தடம். விரலால் பொத்திக்கொண்டு மகனை 4எச் போடச் சொன்னேன். மூன்று தரம் மினுங்கிவிட்டு லைற் நின்றது.

எந்த ஹோஸ் போடலாம்?

மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாயைப் போடாதீர்கள், நான் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிவிட்டது. சுவர் தடித்த வக்யூம் ஹோஸ் கேட்டு வாங்குங்கள், அதன் உள்விட்டம் பழையதோடு ஒத்துவர வேண்டும். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் பழைய துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அளந்து வெட்டித் தருவார்கள். ஒரு துண்டு ஓட்டையாகிவிட்டால் மற்றதெல்லாம் அதே வயதுதான், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒரேயொரு கவனம்: ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் கழற்றிப்போட்டால் எது எங்கே என்று தெரியாது, மாறிப் பூட்டினால் 2எச்சில் கொழுவி 4எச்சில் கழரும். கழற்ற முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சொலினொயிட், சுவிட்ச்?

எஞ்சினை நிற்பாட்டி, திறப்பை ஒன் செய்து, நிற்கும் இடத்திலேயே லீவரைத் தள்ளும்போது சொலினொயிட்டில் விரல் வைத்தால் டிக் என்று ஒரு தட்டல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், யாழ்ப்பாணத்துக் கடற்காற்றுக்குப் பச்சை பூத்திருக்கும். சுரண்டித் துடைத்து, கொன்ராக்ட் கிளீனர் அடித்துப் பூட்டினால் பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். டிபறன்சல் சுவிட்ச் பழுதானால் பிறீவீல் கொழுவியும் லைற் மினுங்கும். ஜக்கில் தூக்கிய சில்லு சுற்றவில்லை, ஆனாலும் மினுங்குகிறது என்றால் அந்தச் சுவிட்சையும் அதன் வயரையும் பிடியுங்கள்.

லைற் எல்லாம் சரி, ஆனாலும் மணலில் தாழ்கிறது.

ரயரில் எவ்வளவு காற்று? ரோட்டுக்கு அடித்த காற்றோடு மணலில் இறங்கினால் எந்தப் போர்வீலும் தாழும். நான் 18 அல்லது 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டுத்தான் மணலில் கால் வைப்பேன், ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிப்பேன், அடிக்காமல் வேகமாக ஓடினால் ரயர் சூடாகி வெடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. போர்வீல் என்றால் நாலு சில்லும் எப்போதும் இழுக்கும் என்று நினைக்கிறோம். சாதாரண டிபறன்சலில் பிடிப்பில்லாத சில்லுதான் சுற்றும். முன்னால் ஒன்று, பின்னால் குறுக்கே மறுபக்கம் ஒன்று காற்றில் நின்றால், மற்ற இரண்டும் பேசாமல் நிற்கும். அது பழுது இல்லை, அதன் இயல்பு.

4எச்சிலிருந்து 2எச்சுக்கு வரமாட்டேன் என்கிறது.

காய்ந்த தார் ரோட்டில் ஓட்டினீர்களா? திரும்பும்போது முன்சில்லு பின்சில்லைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும், 4எச்சில் இரண்டு சாப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் எங்கும் போக வழியில்லாமல் முறுக்காக ஏறி நிற்கும். மணலிலும் சேற்றிலும் சில்லு வழுக்கி முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது. நேராகப் பத்து மீற்றர் றிவேர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். லீவரில் தொங்காதீர்கள்.

அடிக்கடி இப்படி இறுகினால் ரயரைப் பாருங்கள். முன்னுக்குப் புது ரயர், பின்னுக்குத் தேய்ந்தது என்று போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. 235/75ஆர்15 ரயரை எடுங்கள், ஒன்றில் பூ (வெட்டின் ஆழம்) 8 மில்லிமீற்றர், மற்றதில் 2 என்றால் விட்டத்தில் 12 மில்லிமீற்றர் வித்தியாசம். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஏழு சுற்று. நேர் ரோட்டிலேயே ஏழு சுற்று முறுக்கு!

என்னுடையது பழைய ஹைலக்ஸ், முன்சில்லு நடுவில் கையால் திருகுவது.

கொடுத்து வைத்தவர், வக்யூமும் இல்லை வயரும் இல்லை. இரண்டு பக்கமும் லொக்கில் முழுமையாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் பிறீயில் நின்றால் முன்சில்லு இரண்டும் இழுக்காது, ஏனென்றால் டிபறன்சல் அந்தச் சும்மா நிற்கும் பக்கத்தையே சுற்றும். திருக இறுக்கமாக இருந்தால் குறடு போட்டு முறிக்காதீர்கள். கழற்றி, டீசலில் கழுவி, மெல்லிய கிறீஸ் கொஞ்சமாகப் பூசிப் பூட்டுங்கள். உள்ளே கிறீஸை அள்ளி அடைத்தால் அது நகராமல் சண்டித்தனம் பண்ணும்.

லீவர் இல்லை, சுவிட்சைத் திருப்பிப் போர்வீல் போடும் வகை என்றால்?

டிரான்ஸ்பர் பொக்ஸில் சின்ன மோட்டர் ஒன்று திருப்பும். பற்றறி, பியூஸ், மோட்டரின் பிளக் மூன்றையும் பார்த்துவிட்டு ஸ்கானர் வைத்திருக்கும் கராஜுக்குப் போங்கள். நெற்றைப் பார்த்து மோட்டரைக் கழற்றி, எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல் மாறிப் பூட்டி, இருந்ததையும் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கராஜில் டிரான்ஸ்பர் பொக்ஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

"தம்பி, பொக்ஸ் போட்டுது, பஞ்சிகாவத்தையில சொல்லி எடுப்பம்" என்று எனக்கும் ஒருவர் சொன்னார், கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் இடம் அது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கீழே படுத்து சாப்ட்டைத் திருகிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பொக்ஸ் உண்மையில் போனால் சத்தம் போடும், 4எச்சில் பாரம் ஏற்றினால் தடதடவென்று பல் பாயும், ஒயில் இறக்கினால் இரும்புத்தூள் வரும். இதில் ஒன்றும் இல்லாமல் மினுங்கும் லைற்றுக்காகப் பொக்ஸை இறக்கவிடாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டின பிறகு பழைய வாகனங்களைத்தான் எல்லோரும் உருட்டிக்கொண்டு போனோம், நல்ல பாவித்த பொக்ஸ் கிடைப்பதே பாடு. கிடைப்பதும் யாரோ ஒருவர் கழித்தது.

கடல் தண்ணீர் பட்டுவிட்டது.

அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுங்கள். நாளைக்கு என்று விடாதீர்கள். அக்சில் மூழ்கியிருந்தால் டிபறன்சல் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்ற வேண்டும். சூடான டிபறன்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காற்றோட்டக் குழாய் அடைபட்டிருந்தால் சீலுக்குள்ளால் தண்ணீரை இழுக்கும், அதையும் ஊதிப் பாருங்கள்.

நான் போர்வீல் பாவிப்பதே இல்லை. அப்படியே விடலாமா?

2022இல் டீசல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வாகனங்கள் எத்தனை, பிறகு மாரி தொடங்கிப் பரந்தன் வயலுக்குள் இறங்கியபோது கொழுவாமல் நின்றது எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். மாதம் ஒருமுறை, மணல் ஒழுங்கையிலோ ஈரச் செம்மண்ணிலோ 4எச் போட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடுங்கள். 4எல்லுக்கு (வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலை) வாகனம் முழுக்க நின்ற பிறகு, கிளச்சை மிதித்துப் போடுங்கள்.

மழை நேரம் ஏ9 வீதியில் 4எச்சில் ஓடலாமா?

வெள்ளம் நிற்கும் இடத்தில் மெதுவாக, நேராக, சரி. ரோடு காய்ந்ததும் கழற்றுங்கள்.

வாங்கின அக்சுவேட்டர் என்ன ஆனது?

அலுமாரிக்கு மேல், பேப்பரில் சுற்றியபடி இருக்கிறது. போன கிழமை மச்சான் வந்து, தன்னுடைய வாகனத்திலும் லைற் மினுங்குதாம், அதைத் தா என்றான். சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.